மிளகாய்ப் பொடி போட்ட எல்லைக்கோடு

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணெதிரே மலையே நின்றாலும் நம்ப மாட்டோம். அது மேப்பில் இருக்கிறதா என்று பார்ப்போம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் சந்து முழுவதையும் திரட்டிக்கொண்டு போய் ஒரு கமிட்டி முன்னால் மானத்தை வாங்கினேன்.

(அப்போது ஊருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். இப்போது பெயர் மாறிவிட்டது. எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை.)

விஷயம் இதுதான். நகரத்துக்குப் புது மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகியிருந்தது. எங்கள் பகுதிக்கு வழக்கம்போல் மஞ்சள் நிறம், அதாவது குடியிருப்பு. சின்னச் சின்னக் கடைகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை மஞ்சளின் மேல் பச்சைக் கோடுகளைச் சாய்வாக இழுத்து, 'சரிவுப் பாதுகாப்புப் பட்டை' என்று இன்னொரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். போர்வைக்குள் அகப்பட்டால் மாடி கட்ட முடியாது, கடை லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது. அம்மாவின் மாவு மில் நட்டநடுவில் அகப்பட்டிருந்தது. அப்பா இறந்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டதும், என்னைத் திருச்சிக்கு அனுப்பிப் படிக்க வைத்ததும் அந்த மில்தான். லைசென்ஸ் அந்த வருடத்தோடு முடிகிறது.

ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், நேரிலும் பேசலாம் என்று அறிவிப்பில் இருந்தது. வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா இருந்த எனக்கு இது போதாதா? மேப்பை ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்காகப் பெரிதாக்கினேன். ஸ்கேலை வைத்து அளந்தேன். கால்குலேட்டரைத் தட்டினேன். எங்கள் சந்தின் சரிவு விதியில் சொன்ன அளவை எட்டவே இல்லை.

"அம்மா, நம்ம சந்து சரிவே இல்ல. சமதளம்" என்றேன்.

அம்மா அரிசியைக் கொட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "மூட்டைய ஏத்திக்கிட்டு வர்ற ஆட்டோக்காரன்ட்ட போயிச் சொல்லு. வளைவுல ஏற மாட்டாம தெனம் அழுகுறான்."

"கணக்கு வேற, ஆட்டோ வேறம்மா."

(இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது.)

சந்தில் உள்ளவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டு மண்டல் ஆண்ட்டி, மகனுக்கு மாடி கட்ட ஆசைப்பட்டவர், பெங்காலியில் ஏதோ சாமி பெயரைச் சொல்லிவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார்.

விசாரணை அன்று இஸ்திரி போட்ட சுடிதாரில் எழுந்து நின்றேன். கமிட்டித் தலைவர் வெள்ளை முடியும் பொறுமையும் உள்ள மனிதர். பக்கத்தில் ஒரு ஜூனியர் இன்ஜினியர், மேப் வரையும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன். நான் இந்தியும் இங்கிலீஷுமாகப் பொளந்து கட்டினேன். பின்வரிசையில் எங்கள் சந்து கைதட்டியது. ஜூனியர் இன்ஜினியர் மட்டும் என் மேப்பை வாங்கிப் புரட்டினார்.

"மேடம், யே ஜெராக்ஸ் படா கர்வாயா க்யா?"

"ஹாங் சார். தெளிவாத் தெரியறதுக்காக, டபுள் சைஸ்."

"அவுர் ஸ்கேல்? புரானா வாலா?"

படத்தைப் பெரிதாக்கிய நான், பழைய அளவுகோலிலேயே கணக்குப் போட்டிருக்கிறேன். உயரம் மாறாமல் தூரம் மட்டும் இரண்டு மடங்காக நீண்டதில் சரிவு பாதியாகப் படுத்துவிட்டது. முதல் வருடப் பிள்ளைகள்கூடச் செய்யாத தப்பு. கைதட்டிய சந்து இப்போது என்னையே பார்த்தது. வேறு வழி தெரியாமல், "சார், மேப் வேண்டாம். ஏக் பார் நேர்ல வந்து தேக் லீஜியே" என்றேன். தலைவருக்கு என்ன தோன்றியதோ, வியாழக்கிழமை வருவதாகக் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மூவரும் வந்தார்கள். மில் வாசலில் அரைத்து வைத்த மாவு டின்கள் வரிசையாக இருந்தன. நான் ஓர் உருண்டை டின்னை எடுத்துத் தரையில் படுக்க வைத்தேன். அசையவில்லை. தலைவர் தலையை ஆட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் எப்படி நானாவேன்? "பூரா சந்தும் இப்படித்தான் சார்" என்று டின்னைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளி வளைவுக்குப் போய் அங்கேயும் படுக்க வைத்தேன்.

டின் உருண்டது. என் கைக்கு எட்டாமல் ஓடியது. மூடி தெறித்தது. அது மண்டல் ஆண்ட்டியின் மிளகாய்ப் பொடி என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சிவப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டே சந்தைத் தாண்டி, ஹோட்டல் கட்டுவதற்காக யாரோ மண்ணை வெட்டி வைத்திருந்த காலி மனைக்குள் விழுந்து, பள்ளத்தின் அடிவரை போய்த்தான் நின்றது. கடல்காற்று அன்றைக்கென்று நன்றாக வீசியது. கமிட்டி மொத்தமும் தும்மியது.

"பேட்டா, மேரா மிர்ச்சி" என்றார் மண்டல் ஆண்ட்டி.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புக் கோட்டையே பார்த்தார். பிறகு அது தொடங்கிய இடத்தில் போய் நின்று, கையை நீட்டி வரைவு மேப்பைக் கேட்டார். சரிவு இந்த வளைவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, பட்டை ஏன் நாலு வீடு மேலே இருக்கிறது, அந்தப் பள்ளத்தின் மேல் ஏன் ஒரு கோடுகூட இல்லை என்று டிராஃப்ட்ஸ்மேனைக் கேட்டார்.

"சார், புரானே மேப் மே ரோடு உபர் தா" என்றார் அவர் தும்மலுக்கு நடுவில். பழைய மேப்பில் ரோடு மேலே இருந்தது. அதன் ஓரமாகவே பட்டையை இழுத்துவிட்டார்கள். மேஜையில் உட்கார்ந்து போட்ட கோடு. இங்கே வந்து பார்த்தவர் யாருமில்லை. என்னுடைய அதே வியாதி! ஜூனியர் இன்ஜினியர் டேப்பை எடுத்து, மிளகாய்ப் பொடி தொடங்கிய இடத்திலிருந்து அளந்து குறித்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து இறுதி மேப் வந்தது. பச்சைக் கோடுகள் சரியாக வளைவில் ஆரம்பித்து, ஹோட்டல் மனையை முழுசாக மூடியிருந்தன. மில் வெறும் மஞ்சளில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'நேரடி ஆய்வில் கண்டபடி' என்று எழுதியிருந்தார்கள். அன்று நான் சந்தில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். லைசென்ஸ் புதுப்பித்த கையோடு, அம்மா மண்டல் ஆண்ட்டிக்குப் புது மிளகாய் வாங்கி அரைத்துக் கொடுத்தார். மாடியும் எழும்பிவிட்டது.

இன்று நான் பிளான் போட்டுக் கையெழுத்திடும் இன்ஜினியர். நகராட்சி என் கையெழுத்தை நம்புகிறது. மில்லில் மட்டும் எவ்வளவு கூட்டமானாலும் என்னை ஒரு டின்னைத் தொட விடமாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் அம்மா மெஷினையே நிறுத்திவிட்டுச் சொல்வார்:

"ஊர்ல எல்லாரும் மேப்பப் பாத்துத்தான் வீடு கட்டுவாக. எம்மக கொட்டுனதப் பாத்து மேப்பயே மாத்துனாக."