புளிச்சோற்றுக்கு மட்டும் போட்ட பெல்ட்

கீரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. ஆத்மநாதன் அவர்களுக்கு, சிவசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் செல்வராணியும் தென்னந்தோப்பும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். குடுமியான்மலையில் தாங்களும் சம்பந்தியம்மா சொர்ணவல்லியும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். வளைகாப்பு முடிந்த கையோடு என் மகள் கார்த்திகாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டு, அவள் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? போனில் பேசியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வளைகாப்புக்குப் போகிற தகப்பன் மகளோடு திரும்புவான். நான் அவளுக்காகக் கொண்டுபோன தலையணையோடு திரும்பினேன். எதிர்வீட்டு அம்மாள் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "பொண்ணு எங்கிட்டு?" என்றாள். "பெல்ட் சரியில்லன்னு சம்பந்தி அனுப்பல" என்றேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். தெருவில் இப்போது ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நகை குறைச்சலாம் என்கிறார்கள், சீர் குறைச்சலாம் என்கிறார்கள். ஒரு முழ நாடாவுக்காக ஒரு மனுஷன் மருமகளை அனுப்பாமல் இருப்பான் என்று சொன்னால் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவர்களைச் சொல்லி என்ன?

இது என்ன லட்சணத்தில் இருக்கிற வண்டி என்று நீங்கள் கேட்டீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் வசந்தகுமார் ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டி அது. ஏழு பேர் உட்காரலாம், ஆறு காற்றுப் பை, முன்னால் கேமரா, பின்னால் கேமரா. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் கத்தும், பெல்ட் போடவில்லை என்றால் கத்தும், பின்னால் கன்றுக்குட்டி வந்தாலும் கத்தும். கல்யாணமான நாளிலிருந்து செல்வராணிகூட என்னை இவ்வளவு அதட்டியதில்லை. காசு போட்டு வாங்கிய வண்டியிடம் திட்டும் வாங்க வேண்டுமென்று எனக்கு என்ன தலையெழுத்து? அதனால் புதுக்கோட்டையில் கார் சாமான் விற்கும் கடையில் ஒரு கிளிப் வாங்கினேன். பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக இருக்கும். அதைப் பூட்டில் சொருகிவிட்டால், டிரைவர் பெல்ட் போட்டு உத்தமனாக உட்கார்ந்திருக்கிறான் என்று வண்டி நம்பி வாயை மூடிக்கொள்ளும். போலீஸ் தலை தெரிந்தால் பெல்ட்டை இழுத்துத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொள்வேன். இடது பக்கம், காற்றுப் பை இருக்கும் மூடியின் மேலேயே, நல்ல கனமான பித்தளைப் பிள்ளையார் ஒருவரைப் பசை போட்டு உட்கார வைத்திருக்கிறேன். ஆபத்தென்றால் காற்றுப் பை வருமோ வராதோ, பிள்ளையார் வருவார் என்ற நம்பிக்கைதான். இதில் என்ன குற்றம் கண்டீர்களோ!

அன்று நாங்கள் கிளம்பியதையும் கேளுங்கள். ஏழு பேர் வண்டியில் எத்தனை பேர் ஏறினோம் என்று நான் எண்ணவில்லை. சொந்தக்காரர்களை எண்ணுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கட்டுச்சோற்றில் புளிச்சோற்று அண்டாதான் பெரியது. அதை முன் சீட்டில் ஏற்றினேன். ஏற்றியதும் வண்டி கத்தத் தொடங்கியது. சீட்டில் கனம் இருந்தால் அது சோறா ஆளா என்று அந்த வண்டிக்குத் தெரியாதாம். என்னிடம் இருந்ததோ ஒரே கிளிப், அது என் சீட்டுப் பூட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல் அண்டாவுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினோம். ஆக, அந்த வண்டியில் சட்டப்படி பயணம் செய்தது புளிச்சோறு மட்டும்தான். என் மச்சான் சரவணக்குமார் டிக்கியில் ஏறி, கதவைப் பாதி திறந்து கயிற்றால் கட்டி, காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு பூக்கூடையை மடியில் வைத்திருந்தான். அவன் பிள்ளைகள் மேல் கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாழைத்தார்களை வண்டியின் தலையில் ஏற்றி, செல்வராணியின் பழைய நைலக்ஸ் புடவையால் கட்டினோம். டிக்கி திறந்திருக்கிறது என்று வண்டி புதிதாக ஒரு கத்தலை ஆரம்பித்தது. பாட்டைச் சத்தமாக வைத்தேன், அது கேட்கவில்லை.

ஆலங்குடி போவதற்குள் ஒரு வேகத்தடை. அது அங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரம் பார்த்து செல்வராணி, "வளையல் பெட்டிய எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டாள். தூக்கிப் போட்டதில் புடவை அவிழ்ந்து ஒரு வாழைத்தார் முன்பக்கக் கண்ணாடியில் வந்து தொங்கியது. அந்தச் சீப்புகளுக்கு நடுவில் ரோடு தெரிந்த அளவுக்குப் பார்த்து ஓட்டிப் போய் ஓரமாக நிறுத்தினேன். நிறுத்திப் பார்த்தால் டிக்கியில் சரவணக்குமார் இருக்கிறான், கூடையும் இருக்கிறது, பூவைக் காணோம். வந்த வழியெல்லாம் சாமி புறப்பாடு போன மாதிரி கிடந்தது. பிள்ளைகளில் ஒன்றுக்குத் தாடையில் இடி, சரவணக்குமாருக்கு முதுகில் சிராய்ப்பு, சித்தி ஒருத்திக்கு மடியில் வைத்திருந்த குத்துவிளக்கின் முனை கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. அண்டாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஒரு பருக்கை சிந்தவில்லை. வந்தவர்களெல்லாம் புளிச்சோறு பிரமாதம் என்று சாப்பிட்டார்களே, அது எப்படி வந்து சேர்ந்தது என்று யாராவது கேட்டீர்களா?

நீங்கள் கேட்டது வேறு. வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எல்லாம் மனநிறைவாக முடிந்தது. சரவணக்குமாரை மட்டும் நிறுத்திக்கொண்டு, கூட வந்த மற்ற சனத்தையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மகளைக் கூட்டிப்போவதற்கு வண்டியை நான் தயார் செய்தேன். கடைசி வரிசையை மடக்கிவிட்டு, நடு வரிசையில் ஒரு சீட்டைப் படுக்கை மாதிரி நன்றாகச் சாய்த்து, மெத்தை விரித்து, இலவம்பஞ்சுத் தலையணையும் வைத்தேன். மாசமாக இருக்கிற பெண் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரட்டும் என்று எனக்குத் தோன்றியது பாருங்கள், அதுதான் தப்பு. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு வந்த வண்டியைப் பார்க்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். குனிந்து கிளிப்பைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பிள்ளையாரை ஆட்டிப் பார்த்தீர்கள்.

"ஆபத்துக்கு வருவாருன்னு வச்சிருக்கேன்" என்று நான் பணிவாகத்தான் சொன்னேன்.

"வருவாருங்க. காத்துப் பை வெடிச்சா நேரா மூஞ்சிக்கே வருவாரு" என்றீர்கள். சாமி விஷயத்தில் இப்படிப் பேசலாமா?

பிறகு அந்தச் சீட்டைப் பார்த்தீர்கள். "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. இப்படிப் படுத்துக்கிட்டா பெல்ட் எங்கிட்டுங்க நிக்கும்? நிமிந்து ஒக்காரணும், கீழ்ப்பட்டை வயித்துக்கு அடியில இடுப்பெலும்புல படியணும், மேல்பட்டை தோள்லருந்து வயித்துக்குப் பக்கவாட்டுல எறங்கணும். இந்த வண்டியில இந்தக் கோலத்துல எம் மருமகள ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரல" என்றீர்கள்.

வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கட்டிப்போட்டுக் கூட்டிப்போவதா? நான் கேள்விப்பட்டதே இல்லை. யோசித்துப் பாருங்கள். சோறு கட்டினோம், பூக் கட்டினோம், வாழைத்தார் கட்டினோம், அதற்கெல்லாம் முன்னால் பெண்ணையே கட்டிக் கொடுத்தோம். இவ்வளவு கட்டியும் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நான் என்னதான் செய்ய? அதுவும் யார் சொல்வது? காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் நீங்கள். உங்கள் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் எந்தப் பெல்ட்டை மாட்டிவிட்டீர்கள் என்று நான் சபையிலேயே கேட்டேன். அதற்கு நீங்கள் சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அதப் பாத்ததுனாலதாங்க சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். இதெல்லாம் ஒரு பதிலா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், சம்பந்தி. கார்த்திகா வாசலில் நின்று, "அப்பா, மாமா சொல்றது சரிதாம்ப்பா. இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் தூக்கி வளர்த்த பெண். என் வண்டியில் ஏறப் பயப்படுகிறாள். அவளை நானே கொன்றுவிடுவேன் என்று நினைக்கிற அளவுக்கு நீங்கள் அவள் மனதைக் கரைத்து வைத்திருக்கிறீர்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில். அவளுக்காக அறையை வெள்ளையடித்துத் தொட்டிலுக்குக் கொக்கியும் மாட்டியாகிவிட்டது. செல்வராணி அந்த அறையை நாளெல்லாம் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். பெருக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள். அதே வண்டியில், அதே சீட்டில், அதே மெத்தை விரித்து நான் வருவேன். கயிறும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. பெண்ணை மஞ்சள் குங்குமத்தோடு அனுப்பி வைக்க வேண்டியது. இல்லையென்றால் பேரனோ பேத்தியோ பிறந்து, பெயர் வைத்து, காதுகுத்தி, பள்ளிக்கூடம் போனாலும் சிவசாமி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டான். என் கிளிப்பையும் கூரியரில் அனுப்பிவிடவும். அது என் சொந்தப் பொருள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். கார்த்திகாவுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் குலசாமி துணை. தங்களுக்கு நீண்ட ஆயுளும், மற்றவர்கள் வண்டியில் மூக்கை நுழைக்காத நல்ல புத்தியும் கிடைக்க வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் மரியாதை மறவாத,
சிவசாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் செல்வராணி வாங்கிப் படித்தாள். "எல்லாம் எழுதியிருக்கீங்க, வடகாட்டுல நடந்தத மட்டும் காணோமே?" என்றாள். அது இந்த விஷயத்தில் சேராது என்றேன். "நீங்க எழுதுறீங்களா, நான் போன் போடவா?" என்றாள். எழுதுகிறேன்.

திரும்பும்போது, ஆலங்குடிப் பட்டறையில் காயில் கம்பி சுற்றக் கொடுத்திருந்த தோப்புத் தண்ணீர் மோட்டாரை வாங்கி வண்டியின் பின்னால் வைத்தேன். கயிறு இருந்தது. வீடு பக்கம்தானே என்று கட்டவில்லை. முன் சீட்டில் நானும் சரவணக்குமாரும் வண்டியின் கத்தல் தாங்காமல் பெல்ட் போட்டிருந்தோம், கிளிப்தான் உங்கள் பையில் இருக்கிறதே. வடகாடு தாண்டியதும் ஒரு பசுமாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மாடு பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். செல்வராணிக்கு மட்டும் தோளில் நல்ல இடி. மோட்டார்தான் நிற்கவில்லை. சாய்த்து வைத்திருந்த அந்தச் சீட்டின் மேல் ஏறி, தலையணையில் வந்து விழுந்தது. மகள் இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று வீம்புக்கு நான் காலியாக வைத்திருந்த இடம். வண்டிக்குள் ஒரே பஞ்சு. பக்கத்து சீட்டில் இருந்த செல்வராணி பஞ்சு அடங்கும்வரை அந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்க எனக்குக் கை வரவில்லை, சரவணக்குமார்தான் ஓட்டி வந்தான். அன்றைக்கு நீங்கள் என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து அவளை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, சம்பந்தி.

அதனால் வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. உங்களுக்குத் தோதான நாளில், நீங்கள் பார்த்துத் திருப்திப்பட்ட வண்டியில், நீங்களே ஓட்டி அவளைக் கூட்டி வாருங்கள். மெதுவாக வாருங்கள். கிளிப்பை அனுப்ப வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள்.

மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு மரியாதையாக வேறு எழுதுகிறேன் என்று செல்வராணியிடம் கேட்டுப் பார்த்தேன். காகிதத்தைக் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "இதையே அனுப்புங்க. படிச்சு அவுகளாச்சும் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வர இன்னும் நாளாகும்" என்கிறாள்.