சிவபாலன் கரைத்த சவர்க்காரம்

தியாகராசாவுக்கு முதலில் அநியாயம் செய்தவன் சிவபாலன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் செய்தார்கள். அரசாங்கம் செய்தது, வீட்டுச் சொந்தக்காரர் செய்தார், இப்போது முழங்காலும் செய்கிறது. ஆனால் வரிசையில் முன்னுக்கு நிற்பவன் சிவபாலன்தான். மனைவி கனகேஸ்வரியின் ஒரே தம்பி.

கனடாவுக்குப் போக ஏஜென்சிக்காரன் நாள் சொல்லும் வரைக்கும் ஒரு கிழமை, ஏழே நாள், தங்குகிறேன் என்று கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு, அத்தான் வீட்டுக்கு வந்தவன் அவன். அந்த ஒரு கிழமை ஐந்து மாதம் நீண்டது. சோறு தின்றான், தியாகராசா அதைப் பெரிதுபடுத்தவில்லை. மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்தான், அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் தியாகராசா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு கப்பல்காரன் அவருக்கு அன்பாகக் கொடுத்த சீமை சேவிங் ஸ்டிக்கை, முகம் வழிக்கிற சவர்க்காரக் கட்டியை, ஒரு சொல் கேட்காமல் எடுத்துத் தினமும் முகத்தில் தேய்த்து, ஈயத்தாளை மட்டும் மிச்சம் விட்டான். முகம் வழிக்க எடுத்தவன் ஸ்டிக்கையே வழித்துக்கொண்டு போய்விட்டான். விமானத்துக்குப் போகும்போது, "அத்தான், உங்களை மறக்கமாட்டன்" என்றான்.

நாலு வருடமாகிறது. அத்தானும் மறக்கவில்லை.

இது வெறும் சவர்க்காரக் கதையென்று நினைப்பவர்கள் சண்டைக் காலத்துக் கொழும்பில் தமிழனாக இருந்து பார்க்க வேண்டும். முகம் நம்முடையதல்ல, அடையாள அட்டையில் இருக்கிற படத்துடையது. தியாகராசாவின் படத்தில் மழுங்க வழித்த கன்னம், நடுவே தடித்த மீசை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அட்டையைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்ப்பார்கள். திரும்பவும் அட்டையைப் பார்ப்பார்கள். அதற்கு மேலும் பார்த்தால் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கம் காய்ச்சலில் வளர்ந்த தாடியோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். பாண் இல்லாமல்.

ஆகவே ஒவ்வொரு நாள் காலையும் தியாகராசா அந்தப் படத்தைத் தன் முகத்தில் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதுவும் மலிவுச் சவர்க்காரத்தில். மூன்று ஸ்டிக் வைத்திருந்தார். மயில் படம் போட்டது நன்றாக நுரைக்கும். கத்தி வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். கப்பல் படம் போட்டது காயாது, நுரைத்தால்தானே காய்வதற்கு! மூன்றாவதில் படமே இல்லை. மாளிகாவத்தையில் பௌஸியின் கடையில் வாங்கியது.

"நல்ல சாமானோ?" என்று வாங்கும்போது கேட்டார்.

"பஸ்ட் கிளாஸ் சாமான் ஐயா."

"நீர் பூசிப் பார்த்தனீரோ?"

"நான் எங்க ஐயா பூசுற? எனக்குத் தாடி ஈக்கே."

பௌஸியின் தாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. களைப்பில் தியாகராசா அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சிவபாலன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் இருக்கும் மூத்த அக்கா வீட்டுக்கு டெலிபோன் எடுப்பான். கனகேஸ்வரியும் தியாகராசாவும் அங்கே போய்க் காத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் கதைப்பான். இந்த முறை ரிசீவரைத் தானே வாங்குவதென்று தியாகராசா வியாழக்கிழமை இரவு முடிவெடுத்தார்.

"என்ன கதைக்கப் போறியள்?" என்று கனகேஸ்வரி கேட்டாள்.

"ஒரு கேள்விதான். என்ரை ஸ்டிக் எங்கையடா?"

"ஐயோ! பிள்ளை அங்கை பனிக்குள்ளை நிண்டு இரவு பகலா வேலை செய்யுது."

"பனிக்குள்ளை நிண்டாலும் வாய் திறக்கலாந்தானே? 'பிழைதான் அத்தான்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். விட்டுடுறன்."

"இருக்கிறது அஞ்சு நிமிசம். அவன்ரை குரலைக் கேக்க நான் ஒரு மாசம் காத்திருக்கிறன். அதுக்குள்ளை உங்கடை சவர்க்காரத்தைக் கரைக்கப் போறியளோ?"

"கரைச்சது நானில்லை, அவன்!"

கனகேஸ்வரி அதற்கு மேல் கதைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவர், அவள் வாயை மூடிய அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

சனிக்கிழமை காலை கண்ணாடிக்கு முன்னால் மூன்று ஸ்டிக்கையும் வைத்துக்கொண்டு வழக்கமான புலம்பலைத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, எனக்கெண்டால் உந்த மூண்டும் ஒண்டுதான்" என்றாள் கனகேஸ்வரி. "உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. சும்மா சொல்லுறியள்."

"எனக்கோ தெரியாது? கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவன்!"

"கட்டட்டோ?"

துவாய் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

தியாகராசாவின் சவரத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். நுரை இருக்கும் இடத்தில் கத்தி ஓடும். நுரை இல்லாத இடத்தில் நிற்கும். கண்ணாடியைச் சரியாகப் பார்க்காமலே அவரால் வழிக்க முடிந்ததும், இத்தனை வருடம் மீசை உயிரோடு இருந்ததும் அந்தச் சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவள் கனகேஸ்வரி.

கண்ணைக் கட்டினாள். இடது கன்னத்தில் ஒன்று பூசினாள். வலது கன்னத்தில் ஒன்று.

"மூண்டாவதை வாய்க்குக் கீழை, நாடியிலை மட்டும் பூசினால் காணாது. கொஞ்சம் மேலையும் பூசுறன்."

சவர்க்காரங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதவான் ஆசனத்தில் இருந்தவருக்கு அந்த 'மேலை' காதில் விழவில்லை. கத்தியை எடுத்தார்.

"இது மயில். காயுது பார், இப்பவே காயுது."

"சரி."

"இது கப்பல். தண்ணியாலை வழிக்கிற மாதிரி இருக்கு."

"கெட்டிக்காரன்!" என்றாள் கனகேஸ்வரி.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அந்த நிமிடமே துவாயைக் கழற்றியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் புகழ்ச்சி என்பது மீசை வைத்தவனுக்கும் இனிக்கும். நாடியிலிருந்து கத்தி மேலே ஏறியது.

"அட, பௌஸியின்ரை ஸ்டிக்! இவ்வளவு நாளும் இதை நான் குறைவா நினைச்சிட்டன். வெண்ணெய் மாதிரிப் போகுது. என்ன தடிச்ச மயிரெண்டாலும் ஒரே இழுவையிலை..."

நிறுத்தினார். நாடியில் அவருக்குத் தடித்த மயிர் இல்லை.

துவாயை இழுத்தெறிந்தார். கண்ணாடியில் பாதி மீசையோடு ஒரு ஆள் அவரைப் பார்த்து முழித்தான்.

"கனகம்!"

"கத்தாதேங்கோ, வெட்டிப்போடும். மற்றப் பாதியையும் எடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாக்கிறவை என்ன நினைப்பினம்?"

வேறு வழியில்லை. வழித்து, கத்தியை வாளிக்குள் அலசினார். மேலுதடு, யாரோ இரவல் தந்தது போலக் குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கனகேஸ்வரி சேலை மாற்றி, கைப்பையோடு வாசலில் நின்றாள்.

"பொறு, நானும் வாறன்."

"இந்த முகத்தோடையோ? அட்டையிலை இருக்கிற மீசைக்காரன் எங்கை எண்டு ஆமிக்காரன் கேட்டால் என்ன சொல்லுறது? வீட்டிலை வாளிக்குள்ளை எண்டோ? அது வளருமட்டும் சந்திப் பக்கமும் போகாதேங்கோ."

அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை என்பதுதான் தியாகராசாவுக்குப் பெரிய எரிச்சல்.

"அப்ப அக்கா என்னைத் தேட மாட்டாவோ?"

"இல்லை. நேற்றே கடையிலை போய் டெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன், இந்த முறை நான் தனியத்தான் வருவன் எண்டு."

கதவு சாத்திய பிறகுதான் அந்த 'நேற்றே' அவருக்கு உறைத்தது. கதிரையில் இருந்தார். எழும்பவே மனம் வரவில்லை.

மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். முகத்தில் தம்பியோடு ஐந்து நிமிடமும் முழுதாகக் கதைத்த பிரகாசம்.

"என்ரை ஸ்டிக்கைப் பற்றிக் கேட்டியோ?"

"மறப்பனோ? மலிவுச் சவர்க்காரம் பூசப்போய் உங்கடை மீசையே போயிட்டுது எண்டு சொன்னன். சரியாக் கவலைப்பட்டவன்."

தியாகராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு வருடம் காத்திருந்த சொல்.

"என்ன சொன்னவன்?"

"'ஐயோ பாவம், மீசையையும் வழிக்கிறதெண்டால் இனி அத்தானுக்குச் சவர்க்காரம் இன்னும் கூடுதலாச் செலவாகுமே' எண்டவன்."