பெறுநர் வீட்டில் இல்லை

சவப்பெட்டி வியாபாரத்தின் வரலாற்றை இனி எழுதப் புறப்படுகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்தே தீரவேண்டும்: எங்கள் கடைக்கு மென்பொருள் வருவதற்கு முன்பு, வந்ததற்குப் பின்பு. முதல் பாகம் வெறும் இருட்டு. அந்தக் காலத்தில் மக்கள் கடைக்கு வருவார்கள், அழுவார்கள், உயரம் சொல்வார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு வியாபாரம் நடந்தால் உலகம் எப்படி உருப்படும்?

இதை முதலில் உணர்ந்தவர் எங்கள் முதலாளி. அவர் என் அக்காவின் கணவர் என்பதற்காக நான் அவரைப் புகழவில்லை; என் சம்பளம் அவர் கையில் இருக்கிறது என்பதற்காகப் புகழ்கிறேன். சிறு, நடுத்தரத் தொழில்களை நவீனமாக்குவது பற்றி ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு நடந்தது. மதியச் சாப்பாடு இலவசம் என்பதால் முதலாளி போனார். போகும்போது கடைக்காரராகப் போனவர், திரும்பும்போது 'தொழில்முனைவோராக' வந்தார். கழுத்தில் நாடா, நாடாவில் அட்டை, அட்டையில் அவர் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. அக்கா எவ்வளவு சொல்லியும் அதைக் கழற்ற மறுத்துவிட்டார்.

"மாப்ளே, நாம பின்தங்கிட்டோம்," என்றார் என்னிடம்.

"யாரைவிட மாமா? இந்தப் பக்கத்துல நம்ம ஒரு கடைதானே இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். போட்டிக்கு ஆளே இல்லாம பின்தங்கியிருக்கோம். எவ்வளவு கேவலம்!"

மறுவாரமே மென்பொருள் விற்பவர் வந்து சேர்ந்தார். கழுத்துப்பட்டை, மடிக்கணினி, ஓயாத புன்னகை. நாங்கள் எந்தக் கடை என்று தெரிந்தபிறகும் அந்தப் புன்னகை குறையவில்லை என்பதிலிருந்தே அவருடைய தொழில் பக்தி விளங்கும். எங்களுக்கென்று தனியாகச் செய்தால் செலவு கூடுமாம். ஆனால் கேக் கடை ஒன்றுக்காகச் செய்த மென்பொருள் அவரிடம் தயாராக இருந்தது. கேக் கடை அதற்குள் மூடிவிட்டதால் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்.

"கேக் கடைக்குன்னு செஞ்சது நமக்கு எப்படிங்க சரிப்படும்?" என்று கேட்டேன். மேலாளர் என்றால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டுமல்லவா?

"சார், ரெண்டும் ஆர்டர் பேர்ல செய்யறது. ரெண்டுலயும் பெட்டி இருக்கு. ரெண்டையும் வாங்கறவங்க வேற, அனுபவிக்கறவங்க வேற. ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம்."

முதலாளி எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார்.

உடனே 'மாற்ற மேலாண்மைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் முதலாளி, செயலாளர் நான், உறுப்பினர் எங்கள் தச்சர். தச்சர் கூட்டத்துக்கு உப்புத்தாளோடு வந்து, பேச்சு முடியும்வரை ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முதல் தீர்மானப்படி பெட்டிகள் யாவும் பின்பக்கக் கிடங்குக்குள் மறைக்கப்பட்டன. முன்கடையில் படங்கள் மட்டும். இரண்டாம் தீர்மானப்படி கிடங்குக்கு மின்னணுப் பூட்டு மாட்டப்பட்டது. கேக்குகளின் குளிர் அறைக்கென்று தயாரான பூட்டு அது, மென்பொருளோடு சேர்ந்து வந்தது. பழைய பூட்டையும் சாவிகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். நவீனத்துக்குத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது.

அதன்பிறகு எங்கள் கடையின் தரமே வேறு. முன்பெல்லாம் தச்சர் வாடிக்கையாளரிடம் உயரம், அகலம், என்ன மரம் என்று மூன்று கேள்விதான் கேட்பார். மென்பொருள் அப்படி அலட்சியமாக இருக்கவில்லை. முட்டை சேர்க்கலாமா என்று கேட்டது. எத்தனை பேருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று கேட்டது. மேலே என்ன எழுதலாம், மெழுகுவர்த்தி எத்தனை என்று கேட்டது. கடைசியாக, "பெறுநருக்கு இது இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டுமா?" என்றும் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் வராது. துக்கத்தில் வந்தவர்கள் பலர் அழுகையை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார்கள். துக்கத்துக்கு இப்படி ஒரு மருந்தை எந்த மருத்துவரும் கொடுத்ததில்லை.

மருத்துவம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒருவர் தன் பெரியப்பா பிழைக்கமாட்டார் என்று நம்பி, கைபேசியிலேயே ஒரு தேக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, பெறுநர் என்ற இடத்தில் பெரியப்பாவின் எண்ணையும் போட்டுவிட்டு, பெரியப்பா கண் விழித்துவிட்டதால் பாதியில் நிறுத்திவிட்டார். மென்பொருள் விடுமா? பெரியப்பாவின் எண்ணுக்கே தினமும் செய்தி அனுப்பியது: "நீங்கள் விரும்பிய பெட்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது! இன்னும் ஏன் தாமதம்?" படுத்த படுக்கையாக இருந்த மனிதர், ஒரு வாரத்தில் தானே எழுந்து கடைவரை நடந்து வந்துவிட்டார். எங்களை அடிக்கத்தான் வந்தார் என்றாலும், நடந்து வந்தார் அல்லவா? முதலாளி இதை 'வாடிக்கையாளரை மீட்டெடுத்தல்' என்ற தலைப்பில் பதிவு செய்யச் சொன்னார்.

பூட்டின் சிறப்பை இனிச் சொல்லவேண்டும். பெட்டி தயாரானதும் பெறுநரின் கைபேசிக்கு ஓர் உறுதி எண் போகும். அதைச் சொன்னால்தான் கிடங்கு திறக்கும். ஆரம்பத்தில் பெட்டி வாங்கியவர்கள் பெறுநர் என்ற இடத்தில் தங்கள் சொந்த எண்ணையே கொடுத்து வந்தார்கள். முதலாளி ஒருநாள் அறிக்கையைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"என்ன மாப்ளே இது! நம்ம பெட்டியை வாங்கினவங்க அத்தனை பேரும் உயிரோட இருக்காங்க! எல்லாமே பொய்த் தகவல்!"

அன்றே சுற்றறிக்கை வெளியானது: 'பெட்டியை மெய்யாகவே பயன்படுத்தப்போகிறவரின் எண் தவிர வேறு எண் ஏற்கப்படமாட்டாது.' அதன் கீழே 'மேலாளர்' என்று கையொப்பமிடும் பேறு எனக்குக் கிடைத்தது.

சுற்றறிக்கைக்குப் பிறகு வந்த முதல் வாடிக்கையாளர், சரக்கு லாரி ஓட்டும் ஒரு பெண். அவருடைய அப்பா அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். அப்பாவும் மகளும் மட்டுமே இருந்த வீடு. காலையில் வந்து, எல்லாக் கேள்விக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லி, நாங்கள் கேட்டபடி அப்பாவின் எண்ணைக் கொடுத்து, பணமும் கட்டிவிட்டுப் போனார். மதியத்துக்குமேல் லாரியோடு பெட்டியை எடுக்க வந்தார்.

"ஓடிபி சொல்லுங்க," என்றேன்.

அவர் அப்பாவின் கைபேசியை எடுத்துக் காட்டினார். செய்தி வந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, கைபேசி அதன் சொந்தக்காரரின் முகத்தைக் கேட்டது.

"ஐயா, எனக்கு இதைத் திறக்கத் தெரியல. அஞ்சு மணிக்குக் கல்லறை கேட்டைப் பூட்டிடுவாங்க. வீட்ல சொந்தக்காரங்க எல்லாரும் வந்து காத்துக்கிட்டு இருக்காங்க. பெட்டியைக் கொடுத்துடுங்க," என்றார் முதலாளியிடம்.

"எண்ணை மாத்திடலாமே மாமா," என்றேன். மாற்றப் பார்த்தோம். பணம் கட்டியபின் எண்ணை மாற்றுவதற்குப் பெறுநரின் சம்மதம் வேண்டும் என்றது மென்பொருள். சம்மதத்துக்கு இன்னோர் உறுதி எண் அனுப்பியிருப்பதாகவும் சொன்னது. கையிலிருந்த கைபேசி மறுபடி ஒருமுறை அதிர்ந்தது. மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தோம். பூட்டுக்குள் பேட்டரி இருந்தது, கேக் உருகிவிடக் கூடாதே என்ற அக்கறையில்.

"கதவை உடைச்சிடலாம்," என்றார் தச்சர்.

"உடைச்சா வாரண்டி போயிடும்யா!" என்று முதலாளி பதறினார். பிறகு அந்தப் பெண்ணிடம் குழைந்து சொன்னார்: "ஒண்ணும் கஷ்டமில்லம்மா. போனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, அப்பா முகத்துக்கு நேரா ஒரு நிமிஷம் பிடிங்க. தானா திறந்துக்கும்."

"கண்ணு மட்டும் திறந்திருக்கணும்," என்று நான் தொழில்நுட்ப விளக்கம் அளித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணைக் காலையில நான்தான் மூடினேன்," என்றார்.

தச்சரின் கையில் உப்புத்தாள் நின்றுவிட்டது. நான் மேலாளர் என்பதால், சுற்றறிக்கையை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதலாளி மட்டும் மனம் தளராமல் உதவி மையத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம்! உங்கள் நாள் இனிப்பாகட்டும்! சொல்லுங்க சார்," என்றது ஓர் இளம் குரல்.

"பெறுநரால எண்ணைச் சொல்ல முடியலம்மா."

"பெறுநர் வீட்டில் இல்லையா சார்?"

"வீட்லதான் இருக்கார்."

"அப்போ போனை அவர்கிட்ட கொடுங்க சார்."

"அவர் பேசற நிலைமையில இல்ல."

"தூங்கறாரா சார்?"

முதலாளி ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். "அப்படியும் சொல்லலாம்."

"அப்போ அவசரமே இல்ல சார். எழுந்ததும் கூப்பிடச் சொல்லுங்க. எத்தனை நாளானாலும் கெட்டுப்போகாது."

"எது கெட்டுப்போகாது?" என்று மகள் கேட்டார்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மகள் விறுவிறுவென்று வெளியே போனார். கைபேசியோடு வீட்டுக்குத்தான் போகிறார் என்று எண்ணி, 'வாடிக்கையாளர் ஒத்துழைக்க முன்வந்தார்' என்று குறிப்பேற்றினேன்.

சந்துக்குள் லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் லாரியின் இழுவைச் சங்கிலியைக் கிடங்குக் கதவின் பிடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றார்.

"அம்மா, வேண்டாம்மா! சிஸ்டம் ஏத்துக்காது!" என்று முதலாளி அலறினார்.

லாரி நகர்ந்தது. கதவு நிலையோடும் நாலைந்து செங்கற்களோடும் வெளியே வந்து தெருவில் விழுந்தது. அப்போதும் அந்தப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவ்வளவு தரமான பூட்டை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. தச்சரும் அந்தப் பெண்ணும் பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். தச்சர் யாரிடமும் அனுமதி கேட்காமல் தானும் ஏறிக்கொண்டார். கல்லறையில் கேட்டைப் பூட்ட வந்த காவலாளியிடம் தச்சர்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றாராம். அப்பாவை அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். தச்சருக்கு அரைநாள் விடுப்பு என்று பதிவு செய்தேன்.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. கிடங்கில் கதவு இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. நடந்த தவறு எங்கே என்று முதலாளி விரிவாக ஆராய்ந்தார். மென்பொருளில் குறை இல்லை, பூட்டில் குறை இல்லை, சுற்றறிக்கையில் குறை இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே குறை வாடிக்கையாளர்களுடையது. அவர்களுக்குப் பயிற்சி போதவில்லை. இனிப் பெறுநர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. தச்சர் கையைத் தூக்கவில்லை. அதை 'நடுநிலை' என்று எழுதிக்கொண்டேன்.

மென்பொருளோ நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. கதவு நகர்ந்ததை உணர்ந்து, 'பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்று தானே முடிவு கட்டிக்கொண்டது. சில நாள் கழித்து, பெறுநரின் எண்ணுக்கு ஒரு கேள்வியும் அனுப்பியது: "எங்கள் பெட்டி உங்களுக்குப் பிடித்திருந்ததா? மனம் திறந்து சொல்லுங்கள்!"

அதற்குப் பதில் வந்தது. மென்பொருள் வந்ததிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் பதில். அப்பாவின் படங்களை எடுப்பதற்காக அந்தப் பெண் கைபேசியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்தார் என்றும், திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் கேள்விதான் என்றும் தச்சர் பிற்பாடு சொன்னார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தச்சரை எதிரே நிற்கச் சொல்லி, அக்காவையும் வீட்டிலிருந்து வரவழைத்தார்.

"பாத்தியா மாப்ளே! பெறுநர் எண்ல இருந்தே பதில்! எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா வாசி. எத்தனை நட்சத்திரம்?"

"நட்சத்திரம் எதுவும் போடல மாமா."

"பரவாயில்ல, எழுதியிருக்கறதை வாசி."

செயலாளர் என்ற முறையில் எழுந்து நின்று வாசித்தேன்:

"பெட்டி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. உள்ளே இருக்கறது எங்கப்பா. உங்க முதலாளியை நேர்ல வந்து அவர்கிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க. பக்கத்துல ஒரு ஆள் படுக்கற அளவுக்கு இடம் இருக்கு. அங்க உள்ளே போக எந்த நம்பரும் கேக்க மாட்டாங்க."