அரசர் குடிக்காத தண்ணீர்

சீர்புரி என்றொரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நடக்கும், ஒருவர் மட்டும் போட்டியிடுவார், அவரே வெல்வார், வென்ற செய்தி கேட்டு வியந்து கண் கலங்குவார். அவர் பெயர் பொன்னம்பரவர்மர். பெயரை மட்டும் தனியாக எழுதினால் குற்றம். 'ஏழைகளின் இளநீர், நோயறியா நெடுவாழ்வர், எட்டுத் திசையும் எட்டிப் பார்க்கும் திருமுகத்தார்' என்று தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகுதான் பொன்னம்பரவர்மர் என்று முடிக்க வேண்டும்.

தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சரியாகக் கவனிப்பதில்லை என்ற புகார் ஒருநாள் அரசர் காதுக்கு எட்டியது. செவிலியர் போதவில்லை என்பதுதான் காரணம். இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுத்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதிவுத்துறை அமைச்சர் தாண்டவராயர் இருக்கும்போது கதைகள் அவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை.

"அரசே, குறை கவனிப்பில் இல்லை. கவனிப்பு பதிவாகவில்லை, அதுதான் குறை" என்றார் தாண்டவராயர்.

செவிலியர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மின்பலகை வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சட்டமும் வந்தது: முதலில் பதிவு, பிறகு பணி. அமைச்சரே வார்டுக்கு வந்து விளக்கினார். "பணியை முதலில் செய்தால் பதிவு மறந்துபோகும். பதிவை முதலில் செய்துவிட்டால், பணி மறந்துபோனாலும் நாட்டுக்கு நஷ்டமில்லை." எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியதையும் பதிய வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

பெண்கள் வார்டுச் செவிலி தில்லைநாயகிக்குக் கையும் வேகம், நாக்கும் வேகம். நாக்கை மட்டும் வேலைக்கு வரும்போது வீட்டில் பூட்டிவிட்டு வருவாள். அவள் கவலையெல்லாம் ஆவுடையம்மாளைப் பற்றித்தான். முருங்கைக்காய் பறிக்க மரமேறி, கிளை முறிந்து விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த பெரியம்மா அவள். தானாகப் புரள முடியாது. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஏற்கெனவே ஒரு செந்திட்டு தெரிந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து தில்லைநாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டுவதற்கு முன் பதிய வேண்டும். எந்தப் பக்கம் புரட்டப் போகிறாய், புன்னகையோடா, புன்னகை இல்லாமலா, இல்லாவிட்டால் ஏன் இல்லை, இந்தப் பக்கத்தைப் பற்றி நோயாளியின் கருத்து என்ன என்று பலகை கேட்டுக்கொண்டே போகும். எல்லாம் சொல்லி முடித்தால் 'மிக்க நன்று' என்று பாராட்டி நாட்டுப்பண் பாடும். நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இடுப்பு உடைந்தவர்கள் பாதி எழுந்தால் போதும் என்று அரசர் கருணையோடு சலுகை அளித்திருந்தார்.

"புரட்டுறதுக்கு முன்னாடியே உசிரு போயிரும் போலருக்கே தாயி" என்றாள் ஆவுடையம்மாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க பெரியம்மா. பாட்டு முடிஞ்சிரட்டும்."

இப்படிப் பதிந்தும் புகார் குறையவில்லை. பதிந்த கவனிப்பு உண்மையிலேயே அன்போடு நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்று தாண்டவராயர் கண்டுபிடித்தார். செவிலி ஒவ்வொருத்திக்கும் ஒரு கண்காணிப்பாளர் வந்தார். தில்லைநாயகிக்கு வாய்த்தவர் சிகாமணி. அவரிடமும் ஒரு பலகை இருந்தது. அவள் கை கழுவினால் அதைத் தட்டி ஏற்றுவார், நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் அடுத்த வேலையை முடித்திருப்பாள். "மறுபடி ஒருதரம் செய்ங்க சிஸ்டர், நான் பாக்கலை" என்பார். ஒரே நோயாளிக்கு ஒரே மருந்தை இரண்டாம் முறை கொடுக்கச் சொன்னபோது மட்டும் தில்லைநாயகி மறுத்தாள். 'ஒத்துழைப்புக் குறைவு' என்று பதிவாயிற்று.

சிகாமணி சரியாகக் கண்காணிக்கிறாரா என்று கண்காணிக்க ஒருவர் வந்தார். அவருக்கு மேலே இன்னொருவர். உட்கார இடம் வேண்டுமே! முதலில் ஸ்டூல்கள் போயின, பிறகு கட்டில்கள். கட்டில் இழந்த நோயாளிகளைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். வார்டு முழுக்கக் கண்காணிப்பாளர்கள் சாய்ந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செவிலியர் தலையில் விழுந்தது. அதற்கும் நாட்டுப்பண் உண்டு.

இங்கேதான் வந்தது வினை. பலகை கட்டில் எண்ணைக் கேட்கும். பாய்க்கு எண் கிடையாது. எண் இல்லாத ஆவுடையம்மாளைப் பதிய முடியாது, பதியாமல் தொட முடியாது. பதியாமல் பராமரித்தால் வேலையும் போகும், சிறையும் உண்டு. தில்லைநாயகி டீத்தட்டோடு தாழ்வாரத்தைக் கடக்கும்போதெல்லாம் ஆவுடையம்மாள் ஒன்றும் கேட்காமல் அவளைப் பார்ப்பாள். கேட்டிருந்தால்கூடத் தேவலாம். செந்திட்டு கருக்கத் தொடங்கியிருந்தது. அவளைக் கடந்து போவது தில்லைநாயகிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அதே வேளையில் பலகைகள் ஒரு நற்செய்தியைச் சொல்லின: சீர்புரியின் கட்டில்களில் ஒரு நோயாளிக்குக்கூடப் படுக்கைப்புண் இல்லை! கட்டிலில் நோயாளியே இல்லை என்பதைச் சொல்லப் பலகையில் இடமில்லை. படுக்கைப்புண் ஒழிப்பு விழா என்று தோரணம் கட்டினார்கள். அரசர் நேரில் வந்தார்.

நல்ல உச்சிவெயில். ஆளுயர மாலை. தாண்டவராயரின் வரவேற்புரை அரசரின் பட்டங்களில் பாதியைத் தாண்டும்போது அரசர் கண் செருகிச் சாய்ந்தார். கண்காணிப்பாளர் ஒருவரை எழுப்பிவிட்டு அந்தக் கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள்.

"தண்ணி..." என்றார் அரசர்.

தில்லைநாயகி கூஜாவை எடுத்தாள். "நில்!" என்றார் தாண்டவராயர். "முதலில் பதிவு!"

சிகாமணி பதறிப்போய்ப் பலகையைத் தட்டினார். "ஐயா, பேர் எழுதற கட்டம் சின்னதா இருக்குங்க. 'ஏழைகளின் இள' வரைக்கும்தான் ஏறுது."

"பட்டத்தைச் சுருக்குவது ராஜத் துரோகம்! கட்டத்தை நீட்டு!"

"நீட்டறதுக்கு அரசர் உத்தரவு வேணுங்களே."

"அரசே, உத்தரவு?"

"தண்ணி..."

"உத்தரவு அல்லாத வேறு ஏதோ சொல்கிறார். சரி, அடுத்த கேள்வி?"

"என்ன நோய்னு கேக்குதுங்க."

"நோயறியா நெடுவாழ்வருக்கு நோயா? 'நோய் இல்லை' என்று போடு."

"போட்டேன். நோய் இல்லாதவர் கட்டிலை விட்டு இறங்கணும்னு சொல்லுதுங்க."

கண்காணிப்பாளர்கள் அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பலகையில் முட்டி மோதினார்கள். தில்லைநாயகி அரசரின் உதட்டைப் பார்த்தாள். வெடித்து வெளுத்திருந்தது. தாழ்வாரத்தில் ஆவுடையம்மாளின் உதடும் அப்படியேதான் இருந்தது. ராஜா உதடென்று தனியாக ஒன்றும் இல்லை. அவள் அரசரின் தலையைத் தாங்கித் தூக்கி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். அரசர் மடமடவென்று குடித்தார், இருமினார், எழுந்து உட்கார்ந்தார்.

காலி கூஜாவைப் பார்த்ததும் தாண்டவராயருக்கு வேர்த்துவிட்டது. "பதிவில்லாத தண்ணீர்! சிகாமணி, நீர் சாட்சி!"

"நான் பாக்கலைங்களே. பலகையைப் பாத்துட்டு இருந்தேன்."

மற்றவர்களும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிக்க வந்த கூட்டத்தில் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில் அரசரையே கேட்க வேண்டியதாயிற்று. "அரசே, தாங்கள் தண்ணீர் அருந்தினீர்களா?"

அரசர் யோசித்தார். குடித்தேன் என்றால் மயங்கினேன் என்றாகும். மயங்கினேன் என்றால் பட்டத்தில் ஒன்று போகும். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பலகை என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

"தாங்கள் அருந்தவில்லை என்கிறது."

"அப்படியானால் நாம் அருந்தவில்லை. மயங்கவும் இல்லை. பதிவில் இல்லாத எதுவும் இந்த நாட்டில் நடக்கவில்லை. இதைச் சட்டமாக்குங்கள்!"

முரசு கொட்டினார்கள். நாட்டுப்பண் முடிந்ததும் தில்லைநாயகி அமைச்சரை நெருங்கினாள். அன்றைக்கு நாக்கு எப்படியோ பூட்டைத் திறந்துகொண்டு வந்திருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். நடக்காத ஒண்ணுக்குத் தண்டனை உண்டுங்களா?"

தாண்டவராயர் பெருந்தன்மையோடு சிரித்தார். "நடக்காததற்கு எப்படியம்மா தண்டனை கொடுப்பது? இது நாடா, காடா?"

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நேரே தாழ்வாரத்துக்குப் போனாள். பலகையை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். ஆவுடையம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்து, மெதுவாகப் புரட்டி, முதுகைத் துடைத்து மருந்து போட்டாள்.

"பதிஞ்சிட்டியா தாயி? உனக்கு ஒண்ணும் வந்துராதே?"

"பதியலை பெரியம்மா. நான் இப்ப இங்க இல்லவே இல்லை."

"அப்ப என்னைப் புரட்டுறது யாரு?"

"யாரும் இல்லை."

"யாரா இருந்தாலும் நல்லாப் புரட்டுறாங்க" என்று சொல்லி ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மற்றச் செவிலியரும் பலகைகளைக் கவிழ்த்தார்கள். நடக்காத கஞ்சி நேரத்துக்கு வந்தது. மாற்றாத விரிப்புகள் வெள்ளையாக இருந்தன. கருத்த இடம் ஆறி, ஆவுடையம்மாள் கோல் ஊன்றி வீட்டுக்கு நடந்து போனாள். கட்டில் எண் போனபோதே அவள் பதிவும் அழிந்துபோயிருந்தது; பதிவின்படி அவள் வரவே இல்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை.

சேதி வெளியே பரவியது. பதியாத ஆட்கள் சேர்ந்து ஏரி மதகைச் சரிசெய்தார்கள். பதியாத வகுப்புகளில் பிள்ளைகள் படித்தார்கள். அப்படியே தேர்தலும் வந்தது. முதலில் பதிவு என்ற சட்டப்படி முடிவை முந்திய நாளே பதிந்தார்கள்: எல்லா மக்களும், அவர்களுக்கு மேலே இன்னும் கொஞ்சம் பேரும் பொன்னம்பரவர்மருக்கே வாக்களித்திருந்தார்கள். மக்கள் கை தட்டினார்கள். பிறகு சந்தைத் திடலில் கூடி, பானை வைத்து, அதில் ஓலை போட்டு, நடக்காத தேர்தல் ஒன்றை நடத்தினார்கள். யார் வென்றது என்று கேட்காதீர்கள், பதிவு இல்லை. முருங்கை மரத்திலிருந்து விழுந்த அனுபவம் உள்ளவர் என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

பலகையில் இன்றைக்கும் பொன்னம்பரவர்மர்தான் அரசர். அரண்மனையில் தனியே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வேண்டும் என்று மணியடித்தால், 'நீர் வழங்கப்பட்டது, மிக்க நன்று' என்று பலகை சொல்லி நாட்டுப்பண் பாடுகிறது. அவரும் எழுந்து நிற்கிறார். தண்ணீர் மட்டும் வருவதில்லை.

வேலை முடிந்து அந்தப் பக்கமாகப் போன தில்லைநாயகிக்கு அந்தப் பாட்டு கேட்டது. அதைக் கேட்டாலே எரிச்சல் வரும் அவளுக்கு. இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கூஜாத் தண்ணீர் கொடுத்தாள். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"இதைப் பதிந்துவிடாதே அம்மா. நாளைக்கும் தாகம் எடுக்கும்."