பத்ரோனேயின்ரை துவக்குக்கு ஒரு சைலென்சர்

பத்ரோனேயின்ரை துவக்குக்கு ஒரு சைலென்சர் பூட்டவேணும். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியிலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை பிரசங்கம் நடந்துகொண்டிருக்கேக்கை நான் எடுத்த தீர்மானம் அது. சாமியார் மனந்திரும்பச் சொன்னார். நான் திரும்பினன். திரும்பின பக்கம்தான் பிழைச்சுப்போச்சு.

பத்ரோனே எண்டால் இத்தாலியனிலை முதலாளி. பலேர்மோ பட்டினத்துக்கு வெளியாலை, மாஃபியாவுக்குப் பேர்போன சியாகுல்லியிலை அவருக்கு ஒரு மண்டரின் தோடம்பழத் தோட்டம். தோட்டத்தைப் பாக்கிறது நான், சூசைதாசன். அவையின்ரை வீட்டைப் பாக்கிறது என்ரை மனுசி றோசமலர். என்னைப் பாக்கிறதும் அவள்தான். அந்த ரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதிலைதான் அவள் ஒரு நாளும் லீவு எடுக்கிறதில்லை.

மாரியிலை பழம் நிறம் மாறத் தொடங்க, கறுத்தக் குருவியள் கூட்டம் கூட்டமாய் வந்து இறங்கும். ஞாயிறு மத்தியானம் பத்ரோனே இரட்டைக் குழல் துவக்கோடை வெளிக்கிடுவார். தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலை. மனிசன் சுட்டு ஒரு குருவி விழுந்து நான் கண்டதில்லை. அவர் சுடுறது வானத்தை. வானம் பெரிசு, தப்பாது. கை உளைஞ்சவுடனை வீட்டை போய்ப் படுத்திடுவார். அப்பவும் வெளியிலை நல்ல வெளிச்சம் இருக்கும்.

அந்த வெளிச்சம்தான் என்ரை பிரச்சினை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னாலை என்ரை சிநேகிதர் பேரின்பநாயகம் அண்ணையின்ரை மேல்வீடு. ஞாயிறு பின்னேரம் அங்கை முன்னூற்றிநாலு நடக்கும். வெறும் காட்ஸ் விளையாட்டு எண்டு லேசாய்ச் சொல்லிப்போடாதேங்கோ. கிழமை முழுக்க ஓம் சின்யோரே, ஓம் சின்யோரா எண்டு தலையாட்டிற மனிசன், ஒரு பின்னேரம் மேசையிலை அடிச்சுத் துரும்பு கேக்கிற இடம் அது. நாலு பேர் இருந்தால்தான் ஆட்டம். மூண்டு பேர் எப்பவும் ரெடி. நாலாவது கதிரை எனக்காகக் கிடந்து அழும்.

போகவேண்டியதுதானே எண்டு கேப்பியள். றோசமலரின்ரை காதைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஊரிலை ஆமிச் சண்டைக்குள்ளை வளர்ந்த காது. ஒரு வெடி கேட்டால் போதும். எங்கை, எவ்வளவு தூரம், என்ன துவக்கு எண்டு சட்டியைக் கிண்டிக்கொண்டே சொல்லுவாள். புதுவருசத்துக்கு இஞ்சத்தைச் சனம் வாணம் விட, எங்கடை ஆக்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழை. நானும்தான், வெக்கமில்லாமல் சொல்லுறன். அவள் மட்டும் அடுப்படியிலை நிண்டு, "வாணம்தான், வெளியிலை வாங்கோ" எண்டு அறிவிப்பாள். பத்ரோனேயின்ரை கடைசி வெடி அவளுக்குப் பள்ளிக்கூட மணி மாதிரி. அது கேட்டால் நான் வீட்டை நிக்கவேணும்.

ஒருக்கால் துணிஞ்சு பேரின்பநாயகம் அண்ணை வீட்டை போயிட்டன். நல்ல கை விழுந்துகொண்டிருந்தது, எழும்ப மனம் வரேல்லை. இருட்டினாப்போலைதான் வந்து சேந்தன்.

"எங்கை போனனீங்கள்?"

"எங்கை போறது? பத்ரோனே இப்பத்தானே துவக்கை வைச்சவர்."

"கடைசி வெடி வெய்யில் நிக்கேக்கை கேட்டது."

"பிறகும் சுட்டவர், றோசு."

"சத்தம் வராமலோ?"

சத்தம் வராமலோ! அவள் நக்கலுக்குத்தான் கேட்டவள். ஆனால் ஆகா, எண்டு என்ரை மூளை எழும்பி நிண்டுது. சத்தம் வராமல் சுட்டால் கடைசி வெடி எதெண்டு ஆருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறு பூசையிலை தீர்மானம் முடிஞ்சுது.

பேரின்பநாயகம் அண்ணை பொலிதேயாமாப் பக்கம் ஒரு சட்டத்தரணியின்ரை கந்தோரைக் கூட்டித் துடைக்கிறவர். அங்கை சிந்தின சட்டமெல்லாம் கூட்டி அள்ளி வைச்சிருக்கிறார். அவரிட்டை யோசனை கேட்டன்.

"அண்ணை, துவக்குக்குச் சைலென்சர் பூட்டினால் என்ன லாபம், என்ன நட்டம்?"

"லாபத்தை நீயே சொல்லு பாப்பம்."

"பத்ரோனேயின்ரை காதுக்கு நல்லம். அயலட்டைக்குக் கரைச்சல் இல்லை. ஒரு வெடிக்கு எல்லாக் குருவியும் பறக்காது, ஆறுதலாய் அடுத்ததைச் சுடலாம்."

"குருவி பறக்கத்தானேடா சுடுறது?"

"சரி, அதை விடுங்கோ. நட்டம்?"

"படத்திலை வாற மாதிரி புஸ் எண்டு முடியாது. சத்தம் குறையும், அவ்வளவுதான். உன்ரை மனுசியின்ரை காதுக்கு அது காணாது. பிறகு, இரட்டைக் குழலுக்கு அதை எங்கை கொண்டுபோய்ப் பூட்டுறது? எல்லாத்துக்கும் மேலாலை, இந்த நாட்டிலை அதை வைச்சிருந்தாலே பிடிச்சு மறியலிலை போடுவாங்கள்."

"நானே வைச்சிருக்கப் போறன்? பத்ரோனே அல்லோ."

"தோட்டத்திலை குடியிருக்கிறது ஆர்? பொலிஸ் வந்தால் ஆற்றை பெர்மெஸ்ஸோவைக் கேப்பான்?"

பெர்மெஸ்ஸோ எண்டால் இந்த நாட்டிலை இருக்க எங்களுக்குத் தாற அனுமதி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கடை ஆக்கள் அது பத்திரமோ எண்டு பொக்கற்றைத் தடவிப் பாப்பினம். நான் தடவேல்லை. நட்டமெல்லாம் ஒரு தட்டிலை, நாலாவது கதிரை மற்றத் தட்டிலை. நிறுத்துப் பாத்தன். கதிரைதான் பாரம்.

திங்கள் காலைமை பத்ரோனே கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தார், பக்கத்திலை அவற்றை மனுசி, சின்யோரா. நான் தொப்பியைக் கழட்டிப்போட்டு எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை தொடங்கினன். சொல்லுத் தெரியாத இடத்திலை கையாலை காட்டினன். துவக்கு. குழல். நுனியிலை சைலென்சர். புஸ்.

பத்ரோனேக்கு முகம் வெளிறிப்போச்சு. எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். ரேடியோவைக் கூட்டி வைச்சார்.

"மதோன்னா! இந்த ஊரிலை, அதுவும் சியாகுல்லியிலை, ஒருத்தன் சைலென்சர் தேடுறான் எண்டால் சனம் குருவிக்கெண்டே நினைக்கும்? ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது? ஆரோடை பழகிறாய் நீ?"

சின்யோரா சிலுவை போட்டா. அப்பதான் நான் பொக்கற்றைத் தடவினன். வேலை போனால் வீடும் போகும், அது தோட்டத்து வீடு. ஆனால் சூசைதாசன் இதுக்கெல்லாம் மடங்கிற ஆளோ? டக்கெண்டு ஒரு பொய்யை எடுத்து விட்டன்.

"என்ரை மனுசிக்காகத்தான் சின்யோரே. பாவம், சண்டைக்குள்ளாலை வந்தவள். நீங்கள் சுடச் சுட அவள் நடுங்கிறாள்."

பத்ரோனே ரேடியோவை நிப்பாட்டினார். கண் கலங்கிப்போச்சு. "றோசாவைக் கூப்பிடு" எண்டார்.

றோசமலர் கையைத் துடைச்சுக்கொண்டு வந்தாள். விசயத்தைக் கேட்டாள். என்னை ஒருக்கால் பாத்தாள். ஒரு பார்வைதான். நாலாவது கதிரை, பேரின்பநாயகம் அண்ணை, புஸ், எல்லாம் அவளுக்கு விளங்கிப்போச்சு.

"ஓம் சின்யோரே," எண்டாள், என்னிலும் பாக்க நல்ல இத்தாலியனிலை. "ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சு பதறுது. இவர்தான் என்னைத் தாங்கிப் பிடிக்கிறவர்."

வெடி வைக்கேக்கை நான் பத்ரோனேக்குப் பின்னாலை பையோடை நிக்கிறனான். அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை. சின்யோரா அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதா. பத்ரோனே நெஞ்சிலை கை வைச்சார். "இனி என்ரை தோட்டத்திலை ஒரு வெடி வெடிக்காது!"

பாத்தியளோ? சைலென்சரும் இல்லை, மறியலும் இல்லை, முழுச் சத்தமும் அடங்கிப்போச்சு. என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டு நிண்டன்.

"ஆனால் சின்யோரே," எண்டாள் றோசமலர், "குருவியள் பழத்தைத் திண்டு முடிச்சிடுமே?"

என்ன செய்யலாம் எண்டு பத்ரோனே அவளையே கேட்டார்.

"எங்கடை ஊர் வயலுகளிலை தகரம் அடிச்சுத்தான் கிளி கலைக்கிறது. இவர் அதிலை விண்ணன்."

"நானோ?" எண்டு தமிழிலை கேட்டன்.

"நீங்கள்தான்." பிறகு பத்ரோனேயின்ரை பக்கம் திரும்பினாள். "மற்ற நாளிலை ஆக்கள் வேலைக்கு நிக்கினம், குருவி இறங்காது. ஞாயிறுதான் தோட்டம் வெறிச்செண்டு கிடக்கும். மத்தியானம் தொடங்கி இருட்டுமட்டும் இவர் அடிப்பார்."

பத்ரோனே தானே ஓடிப்போய்ச் சாமான் அறையிலை இருந்து ஒரு பழைய ஒலிவெண்ணெய்த் தகரம் எடுத்துக்கொண்டு வந்தார். மெடல் தாற மாதிரி என்ரை கையிலை தந்தார்.

படியாலை இறங்கேக்கை கேட்டன். "என்ன றோசு, இப்பிடிச் செய்துபோட்டீர்?"

"என்ன செய்தனான்? உங்களுக்கு என்ரை நெஞ்சைப் பற்றித்தானே கவலை."

"இருட்டுமட்டும் அடிச்சால் என்ரை கை என்னத்துக்காகும்?"

"உளைஞ்சால் நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினால் எனக்குக் கேக்கும்."

"சத்தமே இல்லாட்டில் என்னெண்டு கேக்கும்?"

"அதுதான் நல்லாய்க் கேக்கும்."

அப்பவும் நான் மனம் தளரேல்லை. இவளும் ஒரு நாளைக்கு வெளியிலை போகத்தானே வேணும். போகட்டும், பாப்பம் எண்டு இருந்தன்.

கனநாள் காத்திருக்க வேண்டி வரேல்லை. முதல் ஞாயிறே, நான் தகரத்தை அடிச்சுக்கொண்டு நிக்க, கேற்றடியிலை பேரின்பநாயகம் அண்ணையின்ரை கார் வந்து கோர்ன் அடிச்சுது. என்ரை அண்ணை, என்னைக் கைவிடேல்லை எண்டு மனம் துள்ளினது. ஓடினன். எனக்கு முன்னாலை றோசமலர் நல்ல சீலையோடை காரிலை ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"எங்கை போறீர்?"

"அவைக்கு நாலாவது ஆள் இல்லையாம். பாவங்கள். அண்ணை காலைமை போன் எடுத்தவர்."

"உமக்கு முன்னூற்றிநாலு தெரியுமோ?"

"கலியாணத்துக்கு முன்னம் எங்கடை தெருவிலை ஒருத்தரும் என்னோடை இருந்து விளையாடப் பயம். நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையே?"

நான் பேரின்பநாயகம் அண்ணையைப் பாத்தன். அவர் ஸ்ரியறிங்கைப் பாத்தார். "ஆட்டம் ஓடவேணுமே, தம்பி" எண்டார்.

சரி, ஆட்டம் போனால் போகட்டும். இவள் போறாள்தானே. மரத்துக்குக் கீழை காலை நீட்டிப் படுத்தால் ஆர் கேக்கிறது? தகரத்தை மெல்லமாய் நிலத்திலை வைச்சன். கார்க் கண்ணாடி இறங்கினது.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டிப்போடாதேங்கோ. சின்யோரா பல்கோனிலை கதிரை போட்டு இருக்கிறா. தகரச் சத்தம் நிண்டால் உங்களுக்கு நெஞ்சுக்குத்து எண்டு அம்புலன்சைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறன்."

கார் திரும்புறதுக்குள்ளையே நான் அடிக்கத் தொடங்கியிட்டன்.