முகம் காட்டாத புடவைக்காரி

பெரிய காஞ்சிபுரம்,
20-11-72

திருமுக்கூடலில் நெல்லும் கோபமும் ஒருசேர விளைய வாழ்ந்துவரும் மச்சான் அப்பாதுரை அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் முனிசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், பூவம்மாள், எருமை மூவரும் சுகம். தங்கள் சுகம் கடிதத்திலேயே தெரிந்தது. பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்திருந்தது. கூத்தில் நான் பாஞ்சாலி வேஷம் கட்டினதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பு எங்கே போச்சு மச்சான்?

தீபாவளி மலரில் எங்கள் பட்டுக்கடை விளம்பரத்தில் முதுகு காட்டி நிற்பது உங்கள் தங்கச்சிதான், நீங்கள் சீர் போட்ட கெட்டி வளையலே சாட்சி, வாலாஜாபாத் சம்பந்தி வீட்டார் பார்த்தால் மகள் ரேணுகாம்பாள் கல்யாணமே நின்றுபோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படிக்கவும். மற்ற கடைக்கெல்லாம் மயிலும் கோபுரமும் இருக்குது, நம்ம கடைக்கும் பார்த்ததும் தெரியற மாதிரி ஒரு அடையாளம் வேணும் என்று முதலாளி பராங்குசம் மெட்ராஸிலிருந்து யேசுதாஸ் என்ற போட்டோக்காரரை வரவழைத்தார், அவர் கூட்டிவந்த அழகிக்கோ வழியெல்லாம் பஸ்ஸில் வாந்தி, கடைக்குள் வந்து பட்டைப் பார்த்ததும் இன்னொரு தரம் வாந்தி, முதலாளி புடவையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்.

"மொகமே இல்லாங்காட்டி என்னாபா செய்யறது?" என்றார் திரும்பி வந்து.

"மொகத்தக் காட்டினா மொகத்தத்தான் பார்ப்பாங்க சார். முதுகக் காட்டுவோம், முந்தானையப் பார்ப்பாங்க. யாருடா இதுன்னு யோசிச்சிக்கினே கடைக்கு வருவாங்க" என்றார் யேசுதாஸ்.

புடவை கட்டி நிமிர்ந்து நிற்கத் தெரிந்த முதுகு எங்கே என்று தேடினால், அது நம்ம வீட்டிலேயே இருந்தது. அதை எதற்கு மறைக்கணும்?

இப்போது வருகிறவர்கள் எல்லாம் "அந்தத் திரும்பி நிக்கிறவங்க பொடவை இருக்குதா" என்றுதான் கேட்கிறார்கள். பழைய போர்டை அழித்து அந்த முதுகையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று உங்கள் சம்பந்தியம்மாள் எல்லம்மாளே மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், நான் கல்லாவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"இந்தக் காலத்துல எல்லாம் பல்லக் காட்டுதுங்க. இவங்க நிக்கறதுலயே அடக்கம் தெரியுதுபா. எம் மருமவளுக்கு முகூர்த்தத்துக்கு இதான். யாரு இவங்க?"

"நம்ம முனிசாமி வூட்டு ஆளுதாம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"அட, பொண்ணோட அத்த வூடா? அப்ப அவங்க கையாலயே பொண்ணுக்குக் கட்டிவுடணும், சொல்லிட்டேன்" என்று புடவையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே மச்சான், தை மாதம் கல்யாணம் உண்டு, பந்தக்காலுக்குச் சொல்லிவைக்கவும். ரேணுகாம்பாள் கட்டின பட்டு நிறம் மங்காமல் காலமெல்லாம் சிரித்திருக்க ஏகாம்பரநாதரை வேண்டும்,

முனிசாமி

பின்குறிப்பு: பூவம்மாள் போட்டோவுக்கு நிற்கவே மாட்டேன் என்று கடைப் பக்கமே வரவில்லை. வளையலை மட்டும்தான் கழற்றிக் கொடுத்தாள். சோப்பு, விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது, போட்ட கையைவிட்டு அது வர மாட்டேன் என்கிறது. அன்றிலிருந்து கடையில் முழுக்கைச் சட்டைதான், இந்தக் கடிதமும் வளையல் மேசையில் இடிக்க இடிக்கத்தான் எழுதுகிறேன். பெண்ணுக்குப் புடவை கட்டிவிட எந்த முதுகை அனுப்புவது என்று மறுதபாலில் தெரிவிக்கவும்.