லண்டன் டாம்பர் வந்து சேர்ந்த விபரம்

டொக்யார்ட் வீதி,
திருகோணமலை.
14.09.2003

அன்பும் மரியாதையும் உள்ள இராசதுரை மாமாவுக்கு,

முதலில், நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு எழுதுவது அப்பாவின் வேலை. அவருடைய கடிதத்தின் கடைசி வரியில் "பிள்ளைகளும் சுகம்" என்ற இடத்தில் நான் இருப்பேன். அந்த இடம் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. இந்த முறை அப்பா "அன்புள்ள மச்சான்" என்று எழுதினார். பிறகு கோபம் வந்ததோ சிரிப்பு வந்ததோ தெரியவில்லை, "நீ எழுது பிள்ளை, நடந்ததை நீதான் ஒழுங்காப் பாத்தனி" என்று பேனையை என்னிடம் தந்துவிட்டார். மாமியும் பிள்ளைகளும் நலமாக இருக்க அம்மா சல்லி அம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறா.

எஞ்சினின் அதிர்வை அடக்க நீங்கள் லண்டனிலிருந்து அனுப்பிய டாம்பர் வந்து சேர்ந்தது. அது உடையவில்லை. காரும் உடையவில்லை, அண்ணாவும் உடையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் பயமில்லாமல் வாசிக்கலாம்.

அப்பா வாடகைக்கு ஹயர் ஓடின பழைய டட்சன் காரை அண்ணா கழற்றி, எஞ்சினைப் போட்டிக்கு ஏற்றமாதிரித் திரும்பக் கட்டுவது உங்களுக்குத் தெரியும். பாதை திறந்திருக்கிற இந்தச் சமாதான காலத்திலேயே மலைநாட்டுக்குப் போய், மலையேற்றக் காரோட்டப் போட்டியில் ஓடவேண்டும் என்பது அவருடைய ஆசை. உங்களுக்குத் தெரியாதது, அண்ணாவுக்கு டோஹாவிலிருந்து வேலை விசா வந்து அலுமாரிக்குள் இருப்பது. "எஞ்சின் நிமிசத்துக்கு ஏழாயிரம் சுத்துச் சுத்தி உடையாமல் நிண்டால், நீ இஞ்ச இருந்து கராஜை நடத்து. உடைஞ்சால் கார் பழைய இரும்புக்கு, நீ பிளேனுக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கராஜில் எஞ்சின் உறுமினால் அம்மாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

எல்லாம் கட்டி முடிந்து, எஞ்சினைச் சுற்றுகிற கிராங் தண்டின் நுனியில் பூட்டும் புல்லியில் வந்து நின்றது. பழைய புல்லியின் ரப்பர் வெடித்து, வெளி வளையம் கையால் ஆட்ட ஆடியது. மாற்றுவதற்கு இரண்டு சாமான் இருந்தன. ஒன்று, அண்ணாவின் கூட்டாளி தாஹிர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அலுமினியப் புல்லி. ரப்பர் கிடையாது, தூக்கினால் பப்படம் மாதிரி. மற்றது நீங்கள் அனுப்பிய டாம்பர். நடுவில் ரப்பர் வளையம், தூக்கினால் அம்மிக்குழவி. தாஹிருக்குச் சிவப்பில்தான் கண். "பாரத்தைக் குறை மச்சான், எஞ்சின் பறக்கும். இந்த லண்டன் குண்டை ஏன் கட்டிச் சுமக்கிறாய்?" என்றார். அண்ணாவும் தலையாட்டினார். அப்பாதான், "பொறுங்கோடா, வீட்டில ஒரு பட்டதாரி இருக்கிறா, அவ சொல்லட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார். "அப்பா, நான் படிச்சது புவியியல்" என்றேன். "பூமி சுத்துறதைப் படிச்சனி, இது சுத்துறது பெரிய காரியமோ?" என்றார்.

மூன்று ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வாய் வராது மாமா. அதனால் நீங்கள் டாம்பரோடு வைத்திருந்த இங்கிலீஷ் குறிப்புத் தாளை நன்றாக வாசித்துவிட்டு, குசினிக்குள் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துவந்தேன். தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு. அது ஓயவேயில்லை. திரும்பத் தட்டிவிட்டு, விளிம்பில் ஒரு துண்டு சைக்கிள் ரியூப்பை வைத்து அமத்தினேன். சத்தம் செத்தது. "ஒவ்வொரு வெடிக்கும் கிராங் ஒரு துளி முறுகி விடுகுது. வேகம் கூடினால் ஒரு கட்டத்தில அந்த அதிர்வெல்லாம் சேர்ந்து இரும்பையே முறிக்கும். ரப்பர் அதை விழுங்கும். சிவப்பில விழுங்க ஒண்டுமில்லை" என்று தாம்பாளத்தைப் பார்த்தே சொல்லி முடித்தேன். தாஹிர் கரண்டியை வாங்கித் தானும் ஒருக்காத் தட்டிப் பார்த்தார். "தங்கச்சி சொல்லுறது சரி மச்சான். குண்டையே போடு" என்றார். சிவப்புப் புல்லி இப்போது பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஸெய்னுதீன் காக்காவின் மேசையில் பேப்பர் பறக்காமல் காவல் இருக்கிறது.

இந்த இடத்தோடு கடிதம் முடிந்திருக்க வேண்டும். அடுத்தநாள் காலமை அண்ணா டாம்பரைப் பூட்டிவிட்டு, டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழுகிற நேரம், வைப்பதற்காக எஞ்சினைக் கையால் சுற்றி, புல்லியின் விளிம்பில் இருக்கவேண்டிய அடையாளத்தைத் தேடினார். மூன்று வெள்ளைக் கோடு இருந்தது. "பாத்தியோ லண்டன்காரன்ர வேலையை! பத்து, இருவது, முப்பது எண்டு டிகிரிக்கொரு கோடு போட்டிருக்கிறான்" என்று சந்தோசப்பட்டு, நடுக்கோட்டைப் பிடித்து டைமிங் வைத்தார். அந்த இங்கிலீஷ் தாளில் ஒரே ஒரு வெட்டுத்தான் அடையாளம் என்று எழுதியிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காமல் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ரெண்டு தரம் இருமிச்சுது, பிறகு சைலன்சருக்குள்ளால துவக்கு வெடிச்சமாதிரி ஒரு படார்! மாமா, நீங்கள் இஞ்சயிருந்து போய்க் கனகாலம், ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு எங்கட ரோட்டு என்ன செய்யும் எண்டு மறந்திருக்கமாட்டீங்கள். ஒரு நிமிசத்தில ரோட்டில ஒரு சனமில்லை. ஸெய்னுதீன் காக்கா கடைச் சட்டரை இழுத்துப் பூட்டிப்போட்டார்; தேத்தண்ணி குடிச்ச ஆக்களெல்லாம் உள்ளுக்கை, அவர் மட்டும் வெளியில. "திறவுங்கோ காக்கா!" எண்டு அவையள் உள்ளுக்கையிருந்து தட்ட, "சத்தம் போடாதீங்க, வெளியில ஆள் நிக்கிது!" எண்டு இவர் கத்துறார். நிண்டது அவர்தான். பிறகு ரெண்டு நேவிக்காரர் துவக்கோட குனிஞ்சு குனிஞ்சு வந்தினம். அப்பா ரெண்டு கையையும் தூக்கினார், ஒரு கையில ஸ்பானர். அண்ணா பொனற்றைக் காட்டி, "டைமிங், டைமிங்" எண்டார். ஒரு நேவிக்காரர் எஞ்சினை எட்டிப் பாத்திட்டு, "கார் எக ஹொந்த நே" எண்டு சிங்களத்தில சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போனார். கார் நல்லாயில்லையாம்.

அப்பா சிரிக்கவில்லை. "சமாதானம் உடைஞ்சுபோச்சு எண்டு ஊரெல்லாம் கதைக்கப்போகுது. உடைச்சது என்ர மகன். போதும். டிக்கற்றைப் போடு" என்றார். அண்ணா கையைத் துடைத்தார். நான் ஒதுங்கி நின்று புல்லியையே பார்த்தேன். கோடுகளின் நுனி கொஞ்சம் உதிர்ந்திருந்தது. இரும்புக்கு அடிக்கிற பெயின்ற் அப்படி உதிராது. விரலால் தொட்டேன், வெள்ளையாக ஒட்டியது. பழக்கதோசம், நெற்றியில் பூசிவிட்டேன்.

அப்பா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு புல்லியைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "அன்னம்!" என்றார்.

அம்மா ஒளிக்கவில்லை. "வெளிநாட்டுச் சாமான், ஆர் ஆர் கை பட்டு வந்ததோ. பூசாமல் பூட்டலாமோ? விளிம்பு ஒடுக்கமாயிருந்தது, அதுதான் குழைச்சு ஈர்க்கால கீறினனான்" என்றா.

"மூண்டு கோடு ஏனம்மா?" என்று அண்ணா அழாக்குறையாகக் கேட்டார்.

"திருநீறு பின்ன எத்தனை கோடடா?"

சீலையால் துடைத்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில், கிரீசுக்குள்ளே, நகக்கீறல் மாதிரி உண்மையான வெட்டு. அண்ணா அதைப் பிடித்துத் திரும்ப டைமிங் வைத்தார். ஒரே திருப்பில் பிடித்தது. ஐயாயிரத்துக்கு மேலே போனால் முந்தி கியர்க்கம்புகூட நடுங்கும். இப்போது ஆறாயிரம் போனது, ஏழாயிரம் போனது, பொனற்றில் வைத்த தேத்தண்ணியில் ஒரு சுழி இல்லை. அப்பா அந்தத் தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிட்டு, "சரி, கராஜை நடத்து" என்றார். அன்றைக்கு அம்மா ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா. எங்கள் எல்லோருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது மாமா.

உங்கள் கையால் வந்த சாமான் ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்தியது. உங்கள் வீட்டிலும் ஒரு குறையும் வராமல் அம்மன் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மருமகள் புஷ்பவதி

பி.கு.: இதற்கு மேலே உள்ளதை அப்பா வாசித்து, "நல்லாயிருக்கு" என்றார். இதற்குக் கீழே அவர் வாசிக்கமாட்டார். தபாலில் போடக் கொண்டுபோவது நான். வாசித்த கையோடு அப்பா காரை எடுத்துச் சாம்பல்தீவு வரை ஓடிவிட்டு வந்தார். இறங்கும்போது ஆளே மாறிப்போனார். "ஹயர் ஓடின கை. போட்டிக்கு நான்தான் ஓடுறன், இவன் பக்கத்தில இருக்கட்டும்" என்கிறார். அண்ணா அலுமாரியைத் திறந்து, "அப்ப நான் டோஹாவுக்குப் போறன்" என்று நிற்கிறார். அம்மாவின் சோறு பழையபடி கோப்பையிலேயே கிடக்கிறது. அப்பா ஓடினால் அண்ணா போய்விடுவார். அண்ணா ஓடினால் அப்பா கராஜைப் பூட்டுவாராம். வேறு ஆர் ஓடினாலும் ரெண்டு பேருக்கும் பரவாயில்லையாம். எனக்குக் கார் லைசென்ஸ் கிடைத்து மூன்று கிழமை. பழக்கினது அண்ணா; வேறு எவருக்கும் தெரியாது. கேட்காமல் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை என்று எழுதினேன், கேட்கிற பழக்கமும் இல்லை. ஆனாலும் லண்டனிலிருந்து வருகிற சொல்லை அப்பா தட்டமாட்டார். மாமா, போட்டிக்கு நான் ஓடட்டும் எண்டு அவருக்கு ஒரு வரி எழுதுவீங்களோ?